விசுவாசமும் நற்செயலும்: யாழ்ப்பாணத் திருச்சபைகள் நடந்த வழி

கேள்வி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரு சபைக் கிறிஸ்தவர்கள் சமயம் பேசத் தொடங்கினால் ஒரு பழைய குற்றச்சாட்டு தவறாமல் வந்துவிடும். கத்தோலிக்கர் செபமாலையாலும் நேர்த்திக்கடனாலும் தான தருமத்தாலும் மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் என்பார் புரட்டஸ்தாந்தர். நம்பினால் போதும், நடத்தை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் உங்கள் சமயம் என்று கத்தோலிக்கர் திருப்பிச் சொல்வார். இப்போது பெந்தெகொஸ்தே சபைகளும் ஊர் ஊராக வளர்ந்துவிட்டன. 'நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?' என்ற அவர்களுடைய நேரடிக் கேள்வி இரு தரப்பையும் சங்கடப்படுத்துகிறது.

இறையியல் நூல்களில் இந்த வழக்குக்குப் பதில் உண்டு. அந்தப் பதிலைக் கீழே சுருக்கமாகத் தருகிறேன். இக்கட்டுரையின் அக்கறை வேறு. விசுவாசத்தால் மட்டும் என்று போதித்த சபைகளும், விசுவாசத்தோடு செயலும் வேண்டும் என்று போதித்த சபையும் இந்த மண்ணில் 350 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்திருக்கின்றன. அவை தாம் போதித்தபடி நடந்தனவா? வரலாற்றை வைத்துப் பார்த்தால் இரண்டு போதனையும் இங்கே தன் எதிர்ப்பக்கத்தையே வலுவாக வெளிக்கொண்டுவந்திருக்கிறது என்பது என் வாதம்.

ஏட்டில் உள்ள போதனை

பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில், மனிதன் கடவுள்முன் நீதிமானாவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்று வாதாடுகிறார். யாக்கோபின் நிருபம் 2ஆம் அதிகாரமோ கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறது. இருவரும் ஒரே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மார்ட்டின் லூதர் பவுலின் பக்கம் உறுதியாக நின்றார். யாக்கோபின் நிருபத்தை அவர் அவ்வளவாக மதிக்கவில்லை என்பதும் தெரிந்ததே.

லூதருக்கு மறுமொழியாகத் திரிதெந்து சங்கம் 1547 ஜனவரியில் தன் ஆறாம் அமர்வில் ஒரு தீர்ப்பு வெளியிட்டது. அதன் முதல் விதியைப் பலர் கவனிப்பதில்லை. கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்று சொல்பவனை அந்த விதி சபிக்கிறது. செயலால் மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்பது கத்தோலிக்கப் போதனை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மறுபக்கத்தில், சீர்திருத்தச் சபையினர் 1563 முதல் பயன்படுத்திவரும் ஹைடல்பேர்க் வினாவிடை மூன்று பாகமாக அமைந்தது: மனிதனின் அவலம், விடுதலை, நன்றி. நற்செயல்களுக்கு உரிய இடம் மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. மீட்பைப் பெற்றவன் நன்றியால் நற்செயல் செய்கிறான், செய்யாமல் இருக்க அவனால் முடியாது என்பதே அதன் நிலை. ஆகவே நடத்தை முக்கியமல்ல என்பதும் புரட்டஸ்தாந்தப் போதனை அல்ல.

ஏட்டளவில் இடைவெளி நாம் எண்ணுவதைவிடச் சிறிது. இந்த மண்ணில் நடந்ததோ வேறு.

ஒல்லாந்தர்: பதிவேட்டில் ஏறிய விசுவாசம்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, மானிப்பாய், உடுவில், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று ஊர்தோறும் போர்த்துக்கேயர் கட்டிவைத்த கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கையில் வந்தன. பிலிப்பு பால்டேயஸ் என்ற குருவானவர் 1665 வரை இங்கே பணியாற்றினார். 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியான அவருடைய பெரிய நூல் ஊர் ஊராகக் கோவிலையும் பள்ளியையும் விவரிக்கிறது. பருத்தித்துறையில் புளியமரத்தடியில் நின்று அவர் பிரசங்கித்ததும் நினைவில் நிற்கிறது. அவர் உழைப்பாளி, தமிழ் கற்க முயன்றவர், பிள்ளைகளுக்கு வேதம் புரியவேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்.

அவர் பணிசெய்த ஆட்சி அமைப்போ விசுவாசத்தைப் பதிவேட்டு விஷயமாக்கியது. பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன. அந்தப் பதிவு இல்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை. திருமணமும் உரித்தும் சட்டப்படி நிற்பது கடினம். பிள்ளைகள் கர்த்தருடைய செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடமாக ஒப்புவிக்கவேண்டும். பள்ளிக்கு வராவிட்டால் தண்டம். விசுவாசம் ஒன்றே போதும் என்று உலகுக்கு அறிவித்த சபையின் பெயரில், விசுவாசமே செய்து காட்டவேண்டிய ஒரு செயலாகிப் போனது. ஒப்புவித்தவன் கிறிஸ்தவன், பதிந்தவன் கிறிஸ்தவன். திரிதெந்து சங்கத்தின் மிகக் கடுமையான விமர்சகர் கூடக் கத்தோலிக்கரைப் பற்றி இப்படி ஒரு சித்திரம் தீட்டியதில்லை.

விளைவு 1796க்குப் பிறகு வெளிப்பட்டது. ஆங்கிலேயர் வந்து, ஞானஸ்நானத்துக்கும் உத்தியோகத்துக்கும் இருந்த கட்டு அவிழ்ந்தபோது, பதிவேட்டுக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாகக் கலைந்துபோனார்கள். 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஆங்கிலிக்கன் குருவானவர் குளோடியஸ் புக்கானன், பழைய கோவில்கள் பாழடைந்து கிடப்பதையும், தமிழருக்குப் பிரசங்கிக்கப் புரட்டஸ்தாந்தத் தரப்பில் தரங்கம்பாடி மிஷன் அனுப்பிய கிறிஸ்தியான் தாவீது ஒருவரே இருப்பதையும் எழுதிவைத்தார்.

இந்தச் சான்றை ஒரேயடியாக இழுத்துவிடவும் கூடாது. ஒல்லாந்தர் காலச் சபை பொய்யரை மட்டும் உருவாக்கவில்லை. கொழும்பில் பிறந்து யாழ்ப்பாணத்தில் குருவாக இருந்து 1790இல் இறந்த பிலிப்பு தெ மெல்லோ கிரேக்கமும் எபிரேயமும் கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியவர். கத்தோலிக்கரை மறுத்துத் தமிழில் நூல் எழுதியவரும் அவரே. இந்த வழக்கு நம் மொழியில் பேசப்பட்டது அவரைப் போன்றவர்களால்தான். எனினும் ஒரு மெல்லோவை வைத்து முழுத் தோம்பையும் மீட்டுவிட முடியாது.

சில்லாலை: செயலுக்கு வழியில்லாத காலம்

கோட்டை கைமாறிய அதே 1658ஆம் ஆண்டில், கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் அறிவித்தார்கள். அன்றிலிருந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் இங்கே குரு இல்லை. குரு இல்லாவிட்டால் கத்தோலிக்கருக்குப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. அருள் தேவதிரவிய அனுமானங்கள் வழியாக வருகிறது, நற்செயல்களில் வளர்கிறது என்று போதிக்கும் ஒரு சபையிடமிருந்து அந்த வழிகள் எல்லாம் ஒன்றாகப் பறிக்கப்பட்டன. கையில் எஞ்சியது நம்பிக்கை மட்டுமே.

1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாளைப் போன்ற கோலத்தில் வந்து சேர்ந்தார். நோயில் விழுந்தார், பிச்சை எடுத்தார். கத்தோலிக்கர் யார் என்று கேட்டறிய வழி இல்லை. கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, சொன்னவருக்கும் ஆபத்து. ஆகவே கழுத்தில் செபமாலை தெரியும்படி வீடு வீடாகப் போனார். அதைப் பார்த்து முகம் மாறுகிறவர்களைக் கவனித்தார். அப்படித்தான் மறைந்திருந்த சமூகம் கண்டுபிடிக்கப்பட்டது. சில்லாலை என்ற ஊர் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. 1689 நத்தார் இரவில் திருப்பலிக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். அவர்களில் சிலர் திரும்பிவரவில்லை. வாஸ் அடிகளார் தப்பினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இங்கே இரண்டு மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும். முதலாவது: அந்த முப்பது ஆண்டுகளில் கத்தோலிக்கரில் பலர் வெளிக்குச் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானத்தை ஏற்றார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இதையும் நம்பிக்கை என்பதா? இரண்டாவது: வீட்டுக்குள் செபமாலை சொல்வதும், ஒருசந்தி இருப்பதும், மறைந்து கூடுவதும் செயல்கள்தானே? இரண்டாவது மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செயல்களால் யாருக்கும் உலக இலாபம் எதுவும் இல்லை. புண்ணியம் எண்ணித் தருவதற்குக் குருவும் இல்லை. உயிர்ப்பயத்தின் நடுவே செய்தார்கள், வேறு எப்படி இருப்பதென்று தெரியாமல் செய்தார்கள். லூதர் விசுவாசம் என்று விவரித்ததும் பெருமளவு இதுவே. முதலாவது மறுப்பு உண்மையே என்றாலும், வாஸ் வந்தபோது அவரை மறைத்துவைக்கத் துணிந்தவர்களும் அதே சமூகத்திலிருந்தே வந்தார்கள்.

பிடியரிசி: அமெரிக்க மிஷன்

1816 முதல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய கோவில்களைச் செப்பனிட்டு வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் நியூ இங்கிலாந்துக் கல்வினியத்தில் வளர்ந்தவர்கள். மனிதன் தன் முயற்சியால் ஒரு அடியும் கடவுளை நோக்கி எடுத்துவைக்க முடியாது, அருளே எல்லாம் என்பதில் அவர்களைவிட உறுதியானவர்கள் இங்கே வந்ததில்லை. சபையில் சேர்க்கும்போது ஒல்லாந்தரைப் போலத் தாராளம் காட்டவில்லை. சேர விரும்புபவர் மனந்திரும்பிய அனுபவத்தைச் சொல்லவேண்டும், மூப்பர்கள் விசாரிப்பார்கள், மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். அதனால் சபை அங்கத்தவர் தொகை எப்போதும் சிறியதாகவே இருந்தது.

ஆனால் அவர்கள் விட்டுச்சென்றவற்றைப் பாருங்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841இல் உதயதாரகைப் பத்திரிகை. 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். பெண் எழுத்தறிவு, அச்சு, அறிவியற் கல்வி, அறுவைச் சிகிச்சை எல்லாம் செயலில் நம்பிக்கை வைக்காதவர்களின் கையிலிருந்தே வந்தன. அருளே எல்லாம் என்ற போதனை இவ்வளவு செயலை ஈன்றிருக்கிறது.

அதே சபையில் தோன்றிய ஒரு வழக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வீட்டுப் பெண் உலைக்கு அரிசி அளந்தெடுக்கிறாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்திருக்கும் முட்டிக்குள் போடுகிறாள். ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பிடி. முட்டி நிறைந்ததும் அது சபைக்குப் போகிறது. விற்றுவந்த காசில் தீவுகளுக்கு உபதேசியார் அனுப்பப்படுகிறார். இதைப் புண்ணியக் கணக்கு என்று சொல்லமுடியுமா? அவளுடைய சபை அப்படிப் போதிக்கவில்லை. வெறும் நம்பிக்கை என்று சொல்லமுடியுமா? அரிசி குறைந்த நாளிலும் பிடி எடுத்தவளிடம் கேட்டால் தெரியும். பின்னாளில் சைவப் பள்ளிகளுக்காகவும் பிடியரிசி சேர்ந்தது. இந்த வழக்கு இலத்தீனிலும் செருமனிலும் எவ்வளவு பேசப்பட்டிருந்தாலும், யாழ்ப்பாணப் பெண் ஒருத்தி அடுப்படியில் அதைத் தீர்த்துவைத்த விதமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மிஷனுக்குள்ளேயே அதன் கல்விப் பணியைப் பற்றிப் பெரிய தகராறு எழுந்தது. பொஸ்டனிலிருந்து 1855இல் வந்த மிஷன் சங்கச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன், சுவிசேஷத்தை அறிவிப்பதே மிஷனின் வேலை, உத்தியோகம் தேடும் இளைஞருக்கு ஆங்கிலம் கற்பிப்பது அல்ல என்று கருதினார். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. அண்டர்சனிடம் நியாயம் இல்லாமல் இல்லை. படித்தவர்களில் விசுவாசிகள் குறைவு. பலர் படிப்புக்காகவே கிறிஸ்தவர்களானார்கள். சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பு வைத்த குற்றச்சாட்டும் இதுதான்: சோற்றுக்கும் சம்பளத்துக்கும் சமயம் மாறுகிறார்கள். 1854இல் வெளியான 'சைவதூஷண பரிகாரம்' நூலில் நாவலர் இன்னொரு அடியும் அடித்தார். சைவக் கிரியைகளைப் பழிப்பவர்களின் வேதத்திலேயே ஆலயமும் பலியும் தூபமும் நிறைந்திருக்கின்றன என்று அவர்களுடைய நூலைக்கொண்டே காட்டினார். பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவர் என்பதால் அவருக்கு அந்நூல் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் அண்டர்சனின் முடிவை நான் பிழை என்றே சொல்வேன். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மிஷன் கணக்கில் அவர் நஷ்டம். ஆனால் நற்செயலை விசுவாசத்தின் கனி என்று சொல்லும் ஒருவர், அந்தக் கனியைத் தன் சபைக்காரன்தான் உண்ணவேண்டும் என்று கேட்க முடியாது. கேட்டால் அது கனியல்ல, தூண்டில் இரை. நாவலர் சொன்னதும் அப்போது சரியாகிவிடும். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டபோது மிஷன் தன் முடிவைத் தானே திருத்திக்கொண்டது எனலாம்.

அயல்வீட்டில் அருள்

விசுவாசமா செயலா என்ற இந்தக் கேள்வியை யாழ்ப்பாணக் கிறிஸ்தவர் சைவ சித்தாந்தத்தின் மடியில் இருந்துகொண்டே கேட்கிறார். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளும், இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்தபின் பதியும் சத்திநிபாதம் என்ற அருளும் அவருடைய அயலவருக்குத் தெரிந்தவை. வைணவத்திலும் இதே வழக்கு இருந்தது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல ஆன்மா முயலவேண்டும் என்றது வடகலை. தாயே கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைப் போல ஆன்மா சும்மா இருந்தால் போதும் என்றது தென்கலை.

இதை முறையாக ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்தவரே. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற் பேராயராகிய சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது எப்படி விளங்கிக்கொள்ளப்படுகிறது என்று ஒரு ஒப்பீட்டு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1964இல் இலண்டனில் வெளியானது. சைவத்தில் செயல் மட்டுமே உண்டு, அருள் கிறிஸ்தவத்தின் தனிச்சொத்து என்ற மிஷனரி காலத்து எளிய கூற்றை அந்நூலைப் படித்தபின் ஒருவர் திரும்பச் சொல்ல முடியாது. என் வாசிப்பில் வேறுபாடு அருள் உண்டா இல்லையா என்பதில் இல்லை. அருள் எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது. சித்தாந்தத்தில் மலம் பரிபாகமடைந்த ஆன்மாவில் அருள் பதிகிறது. பவுலிடம் பக்குவமில்லாதவனிடம், பகைவனாய் இருந்தவனிடமே அது முதலில் வருகிறது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் தமக்குள் பிரிந்து நிற்கும் இடம் இந்தப் பெரிய வேறுபாட்டுக்கு முன் மிகச் சிறியது.

யார் எங்கே அமர்ந்தார்

யாக்கோபின் 2ஆம் அதிகாரத்தை விசுவாசம் பற்றிய விவாதத்துக்கு எடுப்பவர்கள் வழக்கமாக 14ஆம் வசனத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதிகாரம் அங்கே தொடங்கவில்லை. சபைக்குள் வரும் செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டும் பாரபட்சத்தைக் கண்டித்தே அது தொடங்குகிறது. செத்த விசுவாசம் என்ற கடும் தீர்ப்பு அதற்குப் பிறகு வருகிறது. இருக்கையின் கதையே அந்தத் தீர்ப்புக்கு முதற் சாட்சி.

இந்தப் பகுதியை யாழ்ப்பாணச் சபைகள் போல நேராக எதிர்கொள்ளவேண்டிய சபைகள் குறைவு. வட்டுக்கோட்டையின் தொடக்க நாட்களில் மாணவர் மிஷன் வளவில் சமைத்ததை உண்ண மறுத்ததால் சமையற்கட்டு அயல் காணியில் வைக்கப்பட்டது என்று இலங்கைக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதிய எமர்சன் ரெனன்ற் பதிந்திருக்கிறார். கோவிலுக்குள் சாதிக்கொரு பக்கம், ஊருக்குள் சாதிக்கொரு கோவில் என்பது கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் பொதுவாக இருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளில் சமஆசனமும் சமபோசனமும் வேண்டும் என்றபோது கிளம்பிய எதிர்ப்பில் பள்ளிகள் எரிந்தன. ஹண்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் அந்தச் சமத்துவத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். அப்படி நின்றவர்களில் கிறிஸ்தவர் இருந்தார்கள் என்பது ஆறுதல். எதிர்த்தவர்களிலும் கிறிஸ்தவர் இருந்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. விசுவாசத்தால் மட்டும் என்றவர்களும், செயலும் வேண்டும் என்றவர்களும் இந்த ஒரு தேர்வில் ஒன்றாகவே தோற்றார்கள். எந்தப் போதனையின் குறையாலும் இது நடக்கவில்லை. இரண்டு போதனையும் சாதியைத் தொடாத தூரத்தில் பத்திரமாக வைக்கப்பட்டதால் நடந்தது.

1999க்குப் பிறகு

1999 அக்டோபர் 31இல் அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையொப்பமிட்டன. மனிதன் தன் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறான். அந்த அருளே அவனைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்தர் 2006இலும் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் அதில் இணைந்துகொண்டன. யாழ்ப்பாணத்தில் பூசைக்குப் போகிறவரும், மெதடிஸ்தச் சபையில் ஆராதிப்பவரும், அமெரிக்க மிஷன் மரபில் வளர்ந்தவரும் இந்த விஷயத்தில் அடிப்படை உடன்பாடு கண்ட உலகச் சபைகளின் பிள்ளைகள். ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்லும் பழைய குற்றச்சாட்டுக்கு இனி எந்தச் சபையின் அதிகாரமும் துணையில்லை.

ஆகவே யாழ்ப்பாணத்துக் குருமாருக்கும் போதகருக்கும் மறையாசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பிரகடனத்தைத் தமிழில் எடுத்து, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் ஓய்வுநாட் பாடசாலையிலும் இரு சபைப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிக்க வழிசெய்யுங்கள். யாக்கோபின் 2ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது 14ஆம் வசனத்திலிருந்து வேண்டாம். முதலாம் வசனத்திலிருந்து படியுங்கள்.